என் சேலைத் திரைக்குப் பின்னால்

என் வீட்டுக்காரர் பாக்கியசாமி என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால், "அரை லாரி டிரைவர்" என்று சொல்வேன். மீதி அரை வீரமுத்து.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனத்து முதலாளி ஒருவர் இவர்கள் இரண்டு பேரையும் ஒரே லாரியில் சேர்த்துவிட்டார். இவர் முகையூர் வேதக்காரர். முத்து வல்லத்துக்காரன், வயதில் இளையவன். வண்டிக்குள் வேளாங்கண்ணி மாதாவும் மேல்மலையனூர் அங்காளம்மனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஊதுவத்திதான். சிக்கனமாம்!

மரக்காணம் உப்பை ஏற்றிக்கொண்டு குண்டூர் போவார்கள். வரும்போது மிளகாய் மூட்டை. வீடு வந்து சேர்ந்த இரண்டு நாளைக்கு இவர் தும்மிக்கொண்டே இருப்பார், பக்கத்தில் போனால் நானும் தும்முவேன். வழியில் ஸ்டவ் பற்றவைத்துச் சமையல். கேப்பைக் களி முத்துவின் கைவேலை, கருவாட்டுக் குழம்பு இவருடையது. குழம்பில் உப்பு கூடிவிட்டால், "லோடுலேர்ந்து அள்ளிப் போட்டுட்டியாண்ணா?" என்று முத்து கேட்பானாம். அதற்கே அரை மணி நேரம் சண்டை போடுவார்கள்.

ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் பலகையில் தூங்குவார். வெயில் படாமலிருக்க என் பழைய நீலச் சேலையைக் கிழித்துத் திரை தைத்துக் கொடுத்திருந்தேன். அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது: தூங்குகிறவனை எழுப்பக் கூடாது. டீக்கு நிறுத்தினாலும், டயர் வெடித்தாலும் எழுப்பக் கூடாது. திரை மூடியிருந்தால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம்.

இரண்டாயிரத்து ஒன்றில் முத்துவின் பெண்டாட்டி செந்தாமரை முழுகாமல் இருந்தாள். ரொம்ப வருஷம் காத்திருந்து தரித்தது. அந்த நேரம் பார்த்து ஒரு தனியார் பஸ் கம்பெனியில் முத்துவைக் கூப்பிட்டார்கள். தினமும் வீட்டுக்கு வரலாம். ஆனால் இவரிடம் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. முத்து போய்விட்டால் லாரி முதலாளி இன்னொரு ஆளைப் போட மாட்டார், அது எல்லாருக்கும் தெரியும். செந்தாமரை வந்து என்னிடம் அழுதாள். என் கவலை வேறு. இவர் தனியாக ஓட்டினால் எப்போது தூங்குவார்? தூங்கினால் எங்கே போய் மோதுவார்? அந்த மாதம் என் ஜெபமாலைக்கு ஓய்வே இல்லை.

குண்டூரிலிருந்து திரும்பும் வழியில், ஒரு பட்டப்பகலில், கூடூர் பக்கம் முத்து டீக்கு நிறுத்தினான். குடித்துவிட்டு, லோடு கட்டிய கயிற்றைச் சரிபார்க்கப் பின்பக்கம் போனான். அந்த நேரத்தில் வடை வாசனைக்கு இவருக்கு முழிப்பு வந்துவிட்டது. இறங்கி, திரையை ஒழுங்காக இழுத்து மூடிவிட்டு, டீயை வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் ஒதுங்கினார். வீட்டில் ஒருநாளும் ஒரு கதவையும் மூடியவரில்லை, அன்றைக்குப் பார்த்துத் திரையை மூடினார்! முத்து ஏறி வண்டியைக் கிளப்பிவிட்டான். இவர் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியும் பிடிக்க முடியவில்லை.

முத்துவோ திரையிடம் மனதைத் திறந்துவிட்டான்.

"ண்ணா, நீ தூங்கிக்கினு இருக்கிறதாலதான் சொல்றேன். பஸ் கம்பெனில கூப்ட்றாங்க. அவளுக்கு வலி எடுக்கசொல்ல நான் குண்டூர்ல இருந்தா என்னா பண்றது? ஆனா உன்ன தனியா உட்டுட்டு எப்பிடிண்ணா போறது?"

தடா வரைக்கும் இதையேதான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்தானாம். கடைசியில், ஆனது ஆகட்டும், எழுப்பி முகத்துக்கு நேராகவே சொல்லிவிடலாம் என்று வண்டியை ஓரங்கட்டித் திரையை விலக்கினான். தலையணை மட்டும் இருந்தது.

திரும்பிப் போனால் வழியில் ஒருத்தரை ஒருத்தர் தவறவிட்டுவிடுவோம் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறான். ரொம்ப நேரம் கழித்துத் தர்ப்பூசணி லாரி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இவர் இறங்கினார். மேலுக்குச் சட்டை இல்லை, கையில் அந்த டீ கிளாஸ் மட்டும்.

முத்து காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான்.

இவர் கேட்டுவிட்டு, "இத சொல்றதுக்கு என்ன நடுரோட்ல எறக்கி உடணுமாடா?" என்றாராம். அப்புறம், "பேஜாரு பண்ணாம போய்ச் சேரு. பொண்டாட்டி பக்கத்துல இரு" என்றார்.

முத்து விலகும் வரைக்கும் ஓட வேண்டிய நாட்களுக்கு அன்றைக்கே ஒரு புதுச் சட்டமும் போட்டார்கள். வண்டியைக் கிளப்புமுன் ஓட்டுகிறவன் பலகையில் ஒரு தட்டு தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் இரண்டு தட்டு தட்டி, இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். நாலைந்து நாளில் பழகிவிட்டது, கை மட்டும் முழித்துக்கொள்ளுமாம்.

இவர் பெரிய மனது பண்ணிவிட்டார். எனக்கு அவ்வளவு பெரிய மனது இல்லை. மறுவாரமே செந்தாமரையைக் கூட்டிக்கொண்டு பஸ் முதலாளியிடம் போனேன். "எடுத்தா ரெண்டு பேரையும் எடுங்க" என்றேன்.

"முத்து சின்ன வயசு, பழகிக்குவான். உங்க வூட்டுக்காரரு லோடு ஏத்தியே பழகுன ஆளு, சனங்கள எப்பிடிம்மா ஏத்திக்கினு போவாரு?" என்று சிரித்தார்.

"மொளகா மூட்டையே சிந்தாம கொண்டாந்தவருங்க. சனங்க சிந்தவா போறாங்க?"

செந்தாமரைக்குப் பெண் பிறந்தபோது முத்து வாசலில் நின்றிருந்தான். திண்டிவனம் – விழுப்புரம் பஸ்ஸில் காலை முறை அவன், மாலை முறை இவர். வண்டி கைமாறும் இடத்தில் ஏதாவது ஒரு சண்டையும் போட்டுக்கொண்டார்கள்.

அதெல்லாம் அவர்கள் பாடு. எட்டு வருஷம் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே எழுந்தவள் நான். இப்போது விடிகாலையில் பால் வாங்கக் கிளம்பும்போது, கட்டில் விளிம்பில் ஒரு தட்டு தட்டுவேன். தூக்கத்திலேயே இவர் கை இரண்டு தட்டு தட்டும்.

பால் வாங்க வேண்டாத நாளிலும் தட்டிப் பார்க்கிறேன்.