காலி டின் பதிவேடு

வீரபத்திரன் இப்போது தொண்டியில் ஒரு கருவாட்டு மண்டியில் மூட்டைகளை எடை போடுகிறார். 1961-ல் அவர் கடலாடிப் பக்கத்து விவசாய டிப்போ ஒன்றில் குமாஸ்தா. முப்பது வயதுகூட ஆகவில்லை. பூச்சிமருந்துகளைப் பதிந்து பாதுகாக்கும் முறையை மதுரையில் பத்து நாள் கற்று வந்து, டிப்போ ஆட்கள் ஐந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். பள்ளிப் படிப்பு முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்த நானும் அவர்களில் ஒருவன். மற்ற நால்வரும் அவரைவிட மூத்தவர்கள்.

எண்டிரின் என்ற கொடிய பூச்சிமருந்து டின் வந்தால் அதன் எண், வந்த தேதி, வாங்கியவரின் கைநாட்டு, காலி டின் திரும்பிய தேதி என்று எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் கட்டம் உண்டு. திரும்பிய டின்னின் அடியில் ஆணி அடித்து ஓட்டை போட வேண்டும்.

“டின்னுக்குச் சாதகம் எழுதச் சொல்லுறீக. எம் மூத்த மகளுக்கே இன்னும் எழுதலை” என்பார் மருதுபாண்டி.

“உங்க மகளைக் கழுவி யாரும் தண்ணி மொள்ளப் போறதில்லை, அண்ணே. எழுதுங்க” என்பார் வீரபத்திரன்.

சிரிப்போம். ஆனால் காரியம் அதுதான். இந்தப் பக்கம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும்; மூடி போட்ட டின்னை யாரும் விடமாட்டார்கள். வீரபத்திரன் தன் சொந்த அக்காளே வந்து கேட்டபோதும் அவள் கண்ணெதிரே ஆணி அடித்தார். அவள் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு தவறு செய்தார். அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்றதும், “ஒரு கட்டமும் காலியா இருக்கக் கூடாது, அவுக அதைத்தான் பார்ப்பாக” என்றார். காலி டின்களைத் திரும்ப வாங்கி வந்து கட்டங்களை நிரப்புங்கள் என்றுதான் நினைத்தார். அதைச் சொல்லவில்லை.

பதிவேட்டில் மருதுபாண்டி எழுதும் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் காலி. மிளகாய்ப் பயிர் போட்டிருந்த விவசாயி செல்லச்சாமியின் டின் வரவில்லை. “வர்ற சந்தைக்குக் கொண்டாந்துருதேன்” என்று அவர் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் வாக்குக் கொடுத்துவிட்டால் பொருள் வந்த மாதிரிதான். மருதுபாண்டி தேதி போட்டு, ‘ஓட்டை போடப்பட்டது’ என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி பதிவேட்டைப் பாராட்டினார்.

செல்லச்சாமி டின்னை மறந்துபோனார். அவர் மனைவி பஞ்சம்மாள் அதைச் சாம்பலும் மணலும் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவி, மிளகாய்க் கொல்லைக்குக் குடிதண்ணீர் எடுத்துப் போனாள். முதலில் குடித்தவள் அவள்தான். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன மாட்டுவண்டி பஸ் ரோட்டை எட்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

விசாரணைக்கு வந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார். தேய்த்ததில் டின்னின் எண் அழிந்திருந்தது; பதிவேட்டின்படி செல்லச்சாமியின் டின் திரும்பிவிட்டது. ஆகவே வீட்டில் இருந்தது டிப்போவில் திருடிய டின் என்று எழுதினார்.

“ஐயா, அந்தக் கட்டம் பொய். நான் சொன்னதாலதான் நிரப்புனாக” என்றார் வீரபத்திரன்.

அதிகாரி மருதுபாண்டியைப் பார்த்தார். நான்கு பெண்பிள்ளைகள் அவருக்கு. “டின் வந்துச்சுங்கய்யா” என்றார், தலையைத் தூக்காமல்.

“கையெழுத்து இருக்கு. உம்ம பேச்சுக்கு என்னய்யா இருக்கு?” என்று அதிகாரி பதிவேட்டை மூடினார்.

ஊரில் பஞ்சம்மாளைத் திருடி என்றார்கள். ஊருணியில் அவள் மகளைப் பார்த்ததும் குடங்களைத் தள்ளி வைத்தார்கள்.

வீரபத்திரன் வேலையை விட்டுவிட்டு செல்லச்சாமி வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னார். செல்லச்சாமி அடிப்பார் என்று பயந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“அவ அடுத்த வீட்டு விறகுக் குச்சியக்கூட எடுத்தவ இல்லைங்க. அதை மட்டும் எழுதிக் குடுங்க.”

வீரபத்திரன் தரையில் உட்கார்ந்து எழுதினார். பஞ்சம்மாள் திருடவில்லை, வராத டின்னை வந்ததாக எழுதியது டிப்போவின் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செல்லச்சாமி தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“முத்திரை இல்லையே?”

“இல்லை. நான் இப்ப டிப்போவில இல்லை.”

“அப்ப ஊரு நம்பாது” என்றார். குரலில் கோபமே இல்லை. தாளை மடித்து வேட்டி மடியில் செருகிக்கொண்டார். “இருக்கட்டும். எம் மகளாச்சும் படிச்சுக்கிரட்டும்.”

அதுவரை அழாத வீரபத்திரன் அப்போதுதான் அழுதார்.