வேனில் சொன்ன கதைகள்

பனியன் துணியின் வெட்டுத் துண்டு ஒன்று, என்னோடு வேலை பார்த்த அக்காவின் புத்தகத்துக்குள் எப்போதும் இருக்கும். பக்கத்தின் மூலையை மடிப்பது அவருக்குப் பிடிக்காது. பனியன் கம்பெனி வேன் எங்கள் சேவூரிலிருந்து கிளம்பி அனுப்பர்பாளையம் வந்து நின்றதும் ஏறுவார், என் பக்கத்தில் உட்காருவார், அந்தத் துண்டை எடுத்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு படிக்கத் தொடங்குவார். விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவர் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர், நான் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங். அவருக்கான புத்தகங்களை அவிநாசி நூலகத்திலிருந்து நான்தான் எடுத்துவருவேன்.

உதடு அசையப் படிப்பார். பிடித்த வரி வந்தால் திரும்பப் போய் இன்னொரு முறை படிப்பார். அதனால் ஒரு புத்தகம் முடிய வெகுநாள் ஆகும். முன்னுரையைத் தொடமாட்டார். வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்திவைத்துப் பேசுவது போல இருக்கிறதாம். "முடிக்கத் தெரியாதவங்கதான் பிள்ள, கடைசியில யாரையாவது சாக வைக்காங்க" என்பார். நான் ஒரே மூச்சில் படித்துத் தள்ளுகிறவள். அவரோடு பழகிய பிறகுதான் ஒரு வரியின் மேல் நிற்கப் பழகினேன்.

ஒருமுறை தவணை முடியப்போகும் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும், கொஞ்சம் வேகமாகப் படியுங்கள் என்று சொல்லிவிட்டேன். சாதாரணமாகச் சொன்னதுதான். ஞாயிற்றுக்கிழமை ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனவர், திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்திருக்கிறார். தலை நிமிர்ந்தபோது பக்கத்தில் குழந்தை இல்லை. அம்மாவைப் போலவே நீலச் சேலை கட்டிய யாரோ ஒரு பெண்ணின் பின்னால் அது டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டிருந்தது. இருட்டத் தொடங்கும் நேரத்தில், அந்த பஸ்ஸின் கண்டக்டர் திரும்பி வரும் டிரிப்பில் குழந்தையைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

திங்கட்கிழமை வேனில் புத்தகத்தை என் மடியில் வைத்தார். இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்றார். வீட்டில் திட்டினார்களா என்று கேட்டேன். கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம்.

"பஸ்ஸுல ஏறுறதுக்கு முன்னாடி அம்மா அம்மான்னு கூப்பிட்டிருக்கா, பிள்ள. எனக்குக் கேக்கல. கதையில ஒருத்தி அழுதுகிட்டிருந்தா. அவ அழுததுதான் எனக்குக் கேட்டுச்சு."

அவர் பக்கத்தில் புத்தகத்தைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. நானும் வேனில் படிப்பதை விட்டேன். சில வாரம் இருவரும் சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனோம். பிறகு ஒரு காலையில் அவரே ஆரம்பித்தார். நீ எதற்கு நிறுத்தினாய், நீ படித்துவிட்டு வந்து எனக்குச் சொல் என்றார். அன்றிலிருந்து, கல்யாணமாகி நான் வேலையை விடும்வரை, காலையில் வேனில் கதை சொன்னேன். முன் சீட்டுக்காரர்களும் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். அக்காவின் அபிப்பிராயங்களும் மெல்லத் திரும்பி வந்தன. அந்தப் பெண் அப்படிப் பேசியிருக்க மாட்டாள், நீ எதையோ விட்டுவிட்டுச் சொல்கிறாய் என்று மடக்குவார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருக்கும். ஆனால் எத்தனை நல்ல புத்தகத்தை நீட்டினாலும் கையில் வாங்கமாட்டார்.

போன ஆவணியில் அந்த மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தில் அவளிடம், சின்ன வயதில் பஸ் ஸ்டாண்டில் தொலைந்துபோனது நினைவிருக்கிறதா என்று கேட்டுவிட்டேன். அவள் சிரித்தாள்.

"நல்லா ஞாபகம் இருக்குங்க. அன்னைக்குத்தான் மொதமொதல்ல பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்தேன். கண்டக்டர் பன் வாங்கிக் குடுத்தாரு. எறங்கவே மனசு வரலீங்க."

அவள் தலைப் பூவைச் சரிசெய்துகொண்டிருந்த அக்கா சிரிக்கவில்லை. நானும்தான் சிரிக்க முடியாமல் நின்றேன். சற்றுக் கழித்து அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போய், இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்டார். பந்திக்குக் கூப்பிடும் சத்தத்துக்கு நடுவே அந்தக் கதையை மெதுவாகச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். ஆனால் கதை முடியும்வரை அவர் கண் மேடையில் நின்ற மகளை விட்டு நகரவே இல்லை.