உப்புத்தாள் எத்தனை நம்பர், பாய்?

மரம் தேய்க்கிற உப்புத்தாள் வியாபாரம் ஊறுகாய் வியாபாரம் மாதிரி. அதுக்குன்னு யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டாங்க, ஆனா அது இல்லாம எதுவும் இறங்காது. கோவில்பட்டியில எங்க ஹார்டுவேர் கடையில இருபது வருசமா விக்குதேன். என் பேரு மறந்துபோய் ஊருக்கே நான் 'உப்புத்தாள் பாய்'. முன்னாடி ஆசாரிமார் மட்டும்தான் வருவாங்க. நம்பரைச் சொல்லுவாங்க, வாங்குவாங்க, போயிருவாங்க. இப்ப செல்போன்ல வீடியோ பார்த்துட்டு வீட்டுக்கு வீடு பட்டறை முளைச்சிருக்கு. கண்டக்டரு, வாத்தியாரு, பேங்க்காரரு எல்லாரும் லீவு நாள்ல தச்சருதான். அம்புட்டு பேரும் கேக்குத மொதக் கேள்வி, "வழுவழுன்னு வர எதைப் போடணும் பாய்?" ஜவுளிக்கடை வச்சிருக்கிற மக்களே, ஒரு சேலைக்காக அலமாரியையே கவுத்துப் போட்டுட்டு உக்காந்திருப்பீங்களே, அந்தப் பாடுதான் எனக்கும்.

பெரிய நம்பர்

வாசக்கதவு தரையில உரசுதுன்னு ஒருத்தர் வந்தாரு. அரசாங்க ஆபீஸ்ல வேலை. "எம்பது நம்பர் போடுங்க சார்"ன்னேன். "நானூறு இருக்கும்போது எம்பதை ஏன் என் தலையில கட்டுதீங்க?"ன்னு முறைச்சாரு. சரி, கஸ்டமர் சொன்னா சாமி சொன்ன மாதிரி. நானூறே வாங்கிட்டுப் போனாரு.

ஒரு வாரம் கழிச்சு தோளைப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னாரு. கதவு பழையபடி உரசுதாம், கீழ்விளிம்பு மட்டும் கண்ணாடி கணக்கா மின்னுதாம். உக்கார வச்சு விளக்குனேன். நம்பர் சின்னதுன்னா மணல் பெருசு, மரத்தைத் தின்னும். நம்பர் கூடக்கூட மணல் பொடிசு, சும்மா தடவிக் குடுக்கும். சின்னதுல ஆரம்பிச்சுப் படிப்படியா ஏறணும். மனுசன் தோளைத் தடவிக்கிட்டே சொன்னாரு:

"எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான் பாய். மேல போகப்போக வேலை கம்மி, மினுமினுப்பு ஜாஸ்தி."

மிட்டாய்க் கட்டை

வேல்முருகன் வேன் ஓட்டுதவரு. வீட்டுக்குப் பின்னால தகரக் கொட்டகை போட்டு ஸ்டூலு, பலகைன்னு எதையாவது செஞ்சு பார்ப்பாரு. அவரு வீட்டம்மா ராஜேஸ்வரி வீட்டுலயே கடலமிட்டாய் போட்டுக் கடைகளுக்குக் குடுக்கிறவங்க. தீவாளி நெருக்கத்துல கொதிக்கிற வெல்லப்பாகு வலது உள்ளங்கையில கொட்டிருச்சு. புண்ணு ஆறிருச்சு. ஆனா புதுத்தோலு வெங்காயச் சருகு மாதிரி இருக்கு. மிட்டாய் உருட்டுத கட்டையைப் பிடிச்சா, பொடிச் சிலாம்பு குத்திக் கையை உதறுதாங்களாம்.

துணி சுத்திப் பிடிக்கலாமேன்னேன். துணி பாகுல ஒட்டிக்கிடுமாம். கையுறை? வழுக்குமாம். பாகு இறுகுததுக்குள்ள அழுத்தி உருட்டியாகணும், அங்க கை கூசுனா மிட்டாய் போச்சு. பொங்கலுக்குள்ள கை பழகலைன்னா தொழிலையே விட்டுருதேன்னு அந்தம்மா அழுதிருக்காங்க. அதுக்காக மனுசன் பூவரசங்கட்டையில புதுசா ஒண்ணு செஞ்சு கொண்டுவந்திருந்தாரு. எனக்குப் பாவமாப் போச்சு. எம்பது, நூத்தியிருபது, இருநூத்தியிருபது மூணையும் எடுத்து வச்சேன். அவரு ஒவ்வொரு தாளையும் தன் கன்னத்துல தேய்ச்சுப் பார்த்தாரு. அப்புறம் சொன்னாரு:

"மரத்துக்கு ஏத்த நம்பர் வேண்டாம் பாய். அவ கைக்கு ஏத்த நம்பராக் குடுங்க."

ஒம்பது ஓட்டை

தேய்க்கிற மெஷினை நெட்ல வாங்கிருவாங்க. அதுல ஒட்டுத வட்டத்தாளுக்கு மட்டும் நம்மகிட்ட வருவாங்க. தாள்ல ஓட்டை இருக்கும், அது வழியாத்தான் தூசி பைக்குள்ள போகணும். மெஷினுக்கு எத்தனை ஓட்டையோ, தாளுக்கும் அத்தனை வேணும். பசுவந்தனையில இருந்து வந்த அண்ணாச்சிகிட்ட "மெஷினுக்கு எத்தனை ஓட்டை?"ன்னு கேட்டா, போட்டோவைக் காட்டுதாரு. ஓட்டை இருக்கிற இடத்துல சரியா அவரு கட்டைவிரலு!

குத்துமதிப்பா அஞ்சு ஓட்டைத் தாளை வாங்கிட்டுப் போனாரு. மெஷினுக்கோ எட்டு ஓட்டை. தூசி பைக்குள்ள போகாம நேரே அடுப்படிக்குப் போயி இட்லி மாவுல இறங்கியிருக்கு. வீட்டுல பூகம்பம். அண்ணாச்சி அசரலையே. ஆணியைப் பழுக்கக் காய்ச்சித் தாள்ல தானே ஓட்டை போட்டு, பெருமையா எங்கிட்ட கொண்டாந்து காட்டுனாரு. எண்ணிப் பார்த்தேன். "அண்ணாச்சி, இதுல ஒம்பதுல்லா இருக்கு?"ன்னேன்.

"இருந்துட்டுப் போகட்டும் பாய். ஒம்பது ஓட்டை உடம்பை வச்சுக்கிட்டு நான் இத்தனை வருசம் வண்டி ஓட்டலையா?"

கட்டை மறுபடியும் கடிக்குது

வேல்முருகன் திரும்பி வந்தாரு. முந்நூத்தியிருபது குடுத்தேன். மறுபடி வந்தாரு, நானூறு குடுத்தேன். அப்புறம் அறுநூறு. எனக்கே எரிச்சல் வந்துருச்சு. "ஏம்ப்பா, மிட்டாய் உருட்டப்போறீயா, முகம் பாக்கப்போறீயா? இதுக்கு மேல காருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன்தான் வாங்குவான்!"னு கத்திட்டேன்.

அவரு சிரிக்கலை. பொங்கலுக்கு ஆர்டர் வந்து கிடக்கு, கடைக்காரங்க போன் மேல போன் போடுதாங்க. கட்டையைத் தடவிக்கிட்டே மெதுவாச் சொன்னாரு:

"மொத நாளு வெண்ணெய் மாதிரி இருக்குது பாய். மறுநாளு பழையபடி கடிக்குது. நேத்துல இருந்து அவ கட்டையைத் தொடவே மாட்டேங்கா."

தீக்குச்சி சோதனை

தீப்பெட்டி செய்யுத எங்க ஊர்ல மட்டும்தான் இப்படி நடக்கும். தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்குப்பிள்ளையா இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருத்தர் ஊஞ்சல்பலகை தேய்க்கத் தாள் கேட்டாரு. விரலால தடவிப் பார்த்தவருக்குத் தீப்பெட்டிப் பக்கவாட்டு ஞாபகம் வந்துருச்சு. "இதுல உரசுனா பத்தாது"ன்னாரு. "ஏன் பத்தாது? இது அதைவிடச் சொரசொரப்பு"ன்னு நானும் வீம்புக்கு நின்னேன். குச்சியில மட்டுமில்லாம பெட்டிப் பக்கவாட்டுலயும் மருந்து இருந்தாத்தான் பத்தும்னு அவருக்கு நல்லாத் தெரியும், ஆனாலும் சட்டைப்பையில இருந்து தீப்பெட்டியை எடுத்துட்டாரு. எம்பதுல உரசுனோம், நூத்தியிருபதுல உரசுனோம். குச்சித் தலைதான் உதிருது, பத்தவே இல்லை. எனக்கு ரொம்ப ஏமாத்தமாப் போச்சு.

எங்க கடையில என்கூட வேலை பாக்கிற செல்லத்துரை குடோன்ல இருந்து வந்தவன், எங்களைப் பார்த்ததும் அலறுனான்:

"அட கூறுகெட்ட பாய்! பெயிண்ட் தின்னர் டின்னுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, குச்சி பத்தலையேன்னு கவலைப்படுத ஆளு உலகத்துலயே நீங்க ரெண்டு பேருதான்!"

கழுவுனீங்களா?

கடைசியில ராஜேஸ்வரியே கட்டையைத் தூக்கிக்கிட்டு, புருசனையும் இழுத்துக்கிட்டு வந்துட்டாங்க. "பாய், இதைத் தொட்டுப் பாருங்க, அப்புறம் பேசுங்க"ன்னாங்க. தொட்டேன். ரெண்டு நாள் சவரம் பண்ணாத தாடை மாதிரி இருந்துச்சு. லேசா ஈரமும் இருந்துச்சு.

"கழுவுனீங்களாம்மா?"

"பின்ன? வெல்லம் ஒட்டுன கட்டையைச் சுடுதண்ணி ஊத்திக் கழுவாம, நாயா நக்கும்?"

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. தண்ணி பட்டா மரத்துல படுத்திருக்கிற நாரெல்லாம் எந்திரிச்சு நிக்கும். எத்தனை பெரிய நம்பர் போட்டாலும், கழுவுன மறுநிமிசம் அது எந்திரிக்கத்தான் செய்யும். வழி ஒண்ணுதான். ஈரத்துணியால துடைச்சு நாரை நாமளே எழுப்பிவிடணும், நல்லாக் காயவிட்டு இருநூத்தியிருபதால லேசாத் தேய்க்கணும். மறுபடி ஈரமாக்கி, மறுபடி காயவிட்டு, மறுபடி தேய்க்கணும். எந்திரிக்க நாரே இல்லைன்னு ஆகுத வரைக்கும் விடக்கூடாது. புதுத்தாள் ஒண்ணும் வேண்டாம், மொத நாள் வாங்குனதே போதும்னேன். செல்லத்துரை குறுக்க புகுந்தான்:

"அறுநூறு வரைக்கும் வித்து முடிச்சிட்டு இப்பத்தான் கழுவுனீங்களான்னு கேக்கீங்களா? நல்ல வியாபாரம் பாய்!"

பொங்கல் கழிஞ்சு

அதுக்கப்புறம் வேல்முருகனைக் காணோம். பொங்கல் வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. கை சரியாகலையோ, தொழிலை விட்டுட்டாங்களோன்னு எனக்கு உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. கடலமிட்டாய் கண்ணுல பட்டாலே கவலை வரும்.

பொங்கல் கழிஞ்சு ஒருநாள் ராஜேஸ்வரி தனியா வந்தாங்க. ஒரு கிலோ மிட்டாய்ப் பொட்டலத்தை வலது கையாலயே தூக்கி மேசையில டமார்னு வச்சாங்க. செல்லத்துரை கேக்காமலே பிரிச்சுக் கடிச்சுட்டான். அந்தம்மா உள்ளங்கையை விரிச்சு என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாங்க. வெங்காயச் சருகு இருந்த இடத்துல, விரலுக்கு அடியில வரிசையா, கட்டை பிடிச்ச காய்ப்பு. கல்லு மாதிரி. எனக்குச் சந்தோசத்துல கண்ணு கலங்கிருச்சு. அவங்க விடுதாப்ல இல்லை:

"உப்புத்தாள் பாய்தான நீங்க? பார்த்துச் சொல்லுங்க, இந்தக் கை எத்தனாவது நம்பர்?"

இருபது வருசமா சொரசொரப்பைக் காட்டித் தாள் கேக்க வந்தவங்கதான் எல்லாரும். 'இதை மட்டும் தேய்ச்சிராதம்மா'ன்னு நான் சொன்னது அந்த ஒரு கையைப் பார்த்துத்தான்.