ரிமோட் பிடித்தவரிடம் பேசக்கூடாது

அன்று நான் கத்தியிருக்க வேண்டுமா, கூடாதா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் ரிமோட் விமானம் விடும் கிளப்பில் இருக்கிறார். கிளப் என்றால் ஏழு ஆண்கள். கீழ்பென்னாத்தூர் போகும் வழியில் வேர்க்கடலை பிடுங்கிய நிலம் ஒன்றைச் சமப்படுத்தி, அதற்கு ரன்வே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு பேரும் தொப்பி, கறுப்புக் கண்ணாடியோடு நிற்பார்கள். வீட்டில் பல்பு மாற்ற ஆள் தேடுகிறவர்கள் அங்கே காற்றின் திசையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். புது விமானம் வந்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். தெர்மோகோல் விமானம் பழத்தை எங்கே நசுக்கும்? ஒருவர் செருப்புக் காலால் மிதித்து உதவுவார்.

அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. ரிமோட் பிடித்திருப்பவரிடம் யாரும் பேசக்கூடாது. ஒருமுறை தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்டதற்கே கிளப் தலைவரான பல் டாக்டர் உதட்டில் விரல் வைத்து என்னை அடக்கினார்.

அன்று என் கணவர் தன் புது விமானத்தை விட்டார். எங்கள் ஐந்து வயது மகள் வரப்போரம் பாயில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். நான் சற்றுத் தள்ளி வண்டியருகே நின்றேன். விமானம் நம்மை நோக்கி வரும்போது ரிமோட்டில் இடமும் வலமும் மாறிவிடுமாம். இதை எனக்குப் பலமுறை பாடம் எடுத்தவர் அன்று தானே மறந்தார். விலக்க வேண்டிய விமானத்தை அவள் பக்கமே திருப்பினார். கத்த வாய் திறந்தேன். கத்தினால் அவர் கை பதறிவிடுமோ என்று மூடிக்கொண்டேன். பிறகுதான் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அது பாயின் ஓரத்தில் மூக்கு குத்தி விழுந்தது.

ஏழு பேரும் பதறி ஓடி வந்தார்கள், விமானத்திடம்.

"மோட்டாரு தப்பிச்சுது. றெக்கைதான், ஒட்டிக்கலாம்," என்றார் டாக்டர்.

"காத்து ஜாஸ்தி சார்," என்றார் என் கணவர். என் துப்பட்டாவின் நுனிகூட அசையவில்லை.

"கொழந்தைய யாராவது பாத்தீங்களா?" என்றேன்.

"ஒண்ணும் ஆவல சிஸ்டர். சிரிக்குது பாருங்க," என்றார் டாக்டர்.

உண்மைதான், சிரித்துக்கொண்டிருந்தாள். "பிளேன் என்கிட்டயே வந்துச்சும்மா," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், "இனிமே அவள கூட்டிட்டுப் போவாதீங்க," என்றேன்.

"நீதான் எல்லாத்துக்கும் பயப்படுற. அவளையும் அப்டி ஆக்கிடாத," என்றார்.

அந்தச் சொல் மட்டும் உள்ளே தைத்துவிட்டது. காய்ச்சல் இல்லாதபோதும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள்தானே நான்.

விமானத்தை ஒட்டியாகிவிட்டது. வரும் ஞாயிறு மறுபடியும் பறக்கும். மகளுக்கும் குட்டியாக ஒரு தொப்பி வாங்கி வந்திருக்கிறார். நான் போகாவிட்டால் அவரை மட்டும் நம்பி அவளை அனுப்ப வேண்டும். போனால் அதற்குச் சம்மதித்ததாக ஆகிவிடும். பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: அவள் மனதில் பயத்தை விதைக்காமல், அவள் அப்பாவை அவள் எதிரில் மட்டம் தட்டாமல், அந்த நிலத்துக்குப் போகவிடாமல் அவளை எப்படி நிறுத்துவது?