நரிக்குப் போன நடை

தாள்கட்டு கைக்கு வந்ததும் வெனியமின் மகாரோவிச் அதை ஒருமுறை பார்த்துப் புரட்டுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, காதருகே வைத்து, கட்டைவிரலால் இன்னொரு முறை. வரைந்தவர் பக்கத்தில் மூச்சைப் பிடித்து நிற்பார். வரைந்த உருவத்தின் நடையில் பாரம் இருந்தால் கட்டு மேசைக்குத் திரும்பும். இல்லாவிட்டால் குப்பைக்கூடைக்குப் போகும், கூடவே ஒரு வார்த்தையும் வரும்: "ஆவி நடக்குது." அந்த மாஸ்கோ கார்ட்டூன் பட ஸ்டுடியோவில் அக்லாயா ஓவியராக இருந்த இருபது வருடமும் இதைப் பார்த்தாள். காதில் அவருக்கு என்ன கேட்டது என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை.

வோலக்தாவில் கடைப்பலகை எழுதும் ஒருவரின் மகன் அவர். போர்க்காலத்தில் சிப்பாய்களுக்கான பாடப்படங்கள் செய்தார்: பீரங்கியில் குண்டு போடுவது எப்படி, முள்வேலிக்கடியில் ஊர்ந்து போவது எப்படி. போர் முடிந்ததும் கரடி, முயல், வாத்து என்று குழந்தைகள் பக்கம் வந்தார். மனிதனை நடையில் பிடிக்க வேண்டும், முகம் பொய் சொல்லும் என்பார். முதல் மனைவி கோபித்துக்கொண்டு இரண்டு பெட்டியோடு படியிறங்கிப் போனபோது அவர் தடுக்கவில்லை. மாடிப்படி மேலிருந்து குனிந்து பார்த்தார். மறுநாள் ஸ்டுடியோ நடுவில் இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு அப்படியே இறங்கிக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்லாயாவும் தட்டினாள்.

ஐம்பத்தாறில் அவர் எடுத்த படத்தில் கதாநாயகன் ஒரு கிழட்டு ஆண் வாத்து. கூட்டத்தைக் காப்பாற்ற நரியோடு சண்டைபோட்டு ஒரு காலை இழந்த மேளக்காரன். மரக்கால் நடை யாருக்கும் வரவில்லை. கட்டுக்கட்டாகக் கூடைக்குப் போயிற்று. அப்போதுதான் அக்லாயாவின் கணவன் பிரோகோர் போரில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவன் என்பது அவர் காதுக்கு எட்டியது.

ஞாயிற்றுக்கிழமை சாசேஜும் ஒரு பாட்டில் வோட்காவும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஐந்து குடும்பம் பொதுவாகப் புழங்கும் அந்தக் குடியிருப்பில் அடுப்பங்கரை நடைவழியின் கோடியில் இருந்தது. தேநீர் கேட்டார். பிரோகோர் எழுந்து போய்க் கெட்டிலை எடுத்துவந்தான். சர்க்கரை கேட்டார். பிறகு எலுமிச்சை இருக்குமா என்றார். மூன்றாம் முறை பிரோகோர் கதவருகே நின்றுவிட்டான்.

"என் காலைப் பாக்கத்தான வந்தீங்க தோழரே? அதுக்கு எதுக்கு எலுமிச்சை?"

வெனியமின் மகாரோவிச் சிரித்து ஒப்புக்கொண்டார். வாத்தின் கதையைச் சொன்னார். மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அது முன்னால் நடக்க, கூட்டமே பின்னால் வரும் என்றார். பிரோகோர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, மரக்கால் முழுதும் தெரிய, நடைவழியில் போய்ப்போய் வந்தான். மனைவியைக்கூட அதுவரை வெளிச்சத்தில் பார்க்க அவன் விட்டதில்லை.

அக்லாயா அந்த நடையை ஒரு கோடைகாலம் முழுக்க வரைந்தாள். இடுப்பு முதலில் எழும். பிறகு தோள் இறங்கும். மரம் தரையைத் தொடும் நொடிக்கு முன் ஒரு தயக்கம். அந்தத் தயக்கத்தை அவள் விடவில்லை. கட்டு ஒரே முறையில் மேசைக்குத் திரும்பியது.

ஆனால் படங்களுக்கு அனுமதி தரும் கலைக் குழு ஒப்புக்கொள்ளவில்லை. போர் முடிந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது, குழந்தைகளுக்கு நொண்டிக் கதாநாயகன் எதற்கு, மகிழ்ச்சியாக ஏதாவது காட்டுங்கள் என்றார்கள். காலாண்டுக் கணக்குக்குள் படத்தை முடிக்க மூன்று வாரம்தான் இருந்தது. அந்தத் தொழிலில் உடல் ஒரு செல்லுலாய்டு தாளிலும் தலை வேறொரு தாளிலும் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படம்பிடிப்பார்கள். வெனியமின் மகாரோவிச் ஒரே ராத்திரியில் கதையை மாற்றினார். வாத்தின் தலையை எடுத்துவிட்டு, குடிகார நரியின் தலையை வரையச் சொன்னார். இறகுக்கு மேல் ஒரு கந்தல் கோட்டு, பின்னால் ஒரு வால். மேளம் திருட்டு மூட்டையாயிற்று. கால் அப்படியே இருந்தது.

அக்லாயா அவர் அறைக்குப் போனாள். காலையாவது மாற்றித் தருகிறேன், ராப்பகலாக உட்காருகிறேன் என்று கெஞ்சினாள்.

"மாத்தறதா? உன் வாழ்க்கையில நீ வரைஞ்ச ஒரே நல்ல நடை அது, மகராசி. அதைக் கழுவி ஊத்தச் சொல்றியா?"

"நான் அவர்கிட்ட என்ன சொல்றது?"

"நீ ஒண்ணும் சொல்லாத. நானே வந்து சொல்றேன். அவரு ஆம்பளை, சிப்பாய், புரிஞ்சுக்குவாரு. வியாழக்கிழமை வர்றேன்."

அவள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மேசைத்துணியை மாற்றினாள். அவர் வரவில்லை. அடுத்த வியாழன் சிகரெட் புகையோடு ஸ்டுடியோ நடைவழியில் எதிர்ப்பட்டபோது, வேலை என்றார். அவர் சொல்ல வேண்டியதைத் தான் சொன்னால் அது வேறாகிவிடும் என்று அவள் நினைத்தாள். அது உண்மைதானா, பயம்தானா? பல வருடம் யோசித்தும் பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

புத்தாண்டுக் காட்சிக்கு ஸ்டுடியோக் குடும்பங்களை அழைத்தார்கள். பிரோகோர் பதக்கங்களைத் துடைத்துக் குத்திக்கொண்டான். அக்லாயா அப்போதாவது சொல்லியிருக்கலாம். கழுத்துப்பட்டியைச் சரிசெய்துவிட்டாள், அவ்வளவுதான். திரையில் நரி வந்தது. நடைக்கேற்ற மாதிரி டிங்-டொக் என்று ஒரு பாட்டு. இடுப்பு எழும்பி, தோள் இறங்கி, அந்தத் தயக்கம் வந்ததும் அரங்கமே வெடித்துச் சிரித்தது. குழந்தைகள் நாற்காலியில் எம்பினார்கள். வாத்துகள் மூட்டையைப் பிடுங்கி, மரக்காலை உருவி, நரியைச் சேற்றில் தள்ளின.

விளக்கு வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். பிரோகோர் எழவில்லை. அரங்கு காலியாகும்வரை உட்கார்ந்திருந்தான்.

"முன்னாடியே தெரியுமா உனக்கு?"

அவள் ஆமென்று தலையாட்டினாள்.

"அவருக்கு அது வேலை," என்றான். "நீ சொல்லியிருக்கலாம்."

படம் ஊரெல்லாம் ஓடியது. அவன் கெட்டிலோடு போகும்போது பக்கத்து அறைக்காரன் கரண்டியால் வாணலியைத் தட்டுவான்: டிங்-டொக். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பாட்டு பிடித்திருந்தது. பிரோகோர் அடுப்பங்கரைக்குப் போவதை நிறுத்தினான். வீட்டுக்குள்ளும் அக்லாயா பார்த்துக்கொண்டிருந்தால் எழமாட்டான். "அந்தப் பக்கம் திரும்பு," என்பான். அவள் சன்னலைப் பார்த்து நிற்பாள், முதுகுக்குப் பின்னால் மரம் தரையைத் தொடும்.

வெனியமின் மகாரோவிச்சுக்குப் பரிசு கிடைத்தது, பட்டம் கிடைத்தது, இரண்டு மனைவிகள் வந்துபோனார்கள். அக்லாயாவைப் பார்க்கும்போதெல்லாம், உன் வீட்டுக்காரரைப் பாக்க நான் ஒரு தடவை வந்தாகணும் என்பார். எழுபத்தொன்றில் நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் படுத்தார். அவள் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனாள். இந்த முறை கேட்டே விடுவது, நேரில் வராவிட்டாலும் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு வருவது என்று போனாள். அவர் தலையணையிலிருந்து எம்பி அவள் கையைப் பிடித்தார். கண்ணில் வெளிச்சம் வந்தது.

"பிரோகோர் இருக்காரா? வயசாயிருக்குமே. இப்ப எப்படி நடக்கறாரு? நல்ல காலும் தேஞ்சிருக்கும், நடையே மாறியிருக்கும். எந்திரிச்சதும் வர்றேன். பாக்கணும்."

அவள் ஆப்பிளை அலமாரிமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

அவர் அடக்கத்தன்று ஸ்டுடியோவில் நரிப் படத்தைப் போட்டார்கள். அழ வந்தவர்களும் சிரித்தார்கள். வாழ்க்கையிலிருந்து எடுத்த நடை என்று ஒருவர் புகழ்ந்து பேசினார்.

வீட்டில் பிரோகோர் படுக்கையோரம் உட்கார்ந்திருந்தான். அவள் பூட்ஸைக் கழற்றும்வரை பொறுத்திருந்து கேட்டான்.

"கடைசியா எப்ப பாத்த அவரை? என்னைப் பத்தி ஏதாச்சும்?"

"வர்றேன்னாரு."

பிரோகோர் கதவைப் பார்த்தான். பதினைந்து வருடமாக அவனும் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"மன்னிப்புக்கூட வேணாம்," என்றான். "எதுத்தாப்புல உக்காந்து, ஆமாய்யா அது உன் கால்தான்னு சொல்லியிருந்தாப் போதும்."

அதைச் சொல்ல வேண்டியவர் சொல்லாமலே போய்விட்டார்.