நசீர் அனுப்பிய திருத்தம்

நசீரைக் கவிழ்த்தது நான்தான். கைதவறி நடந்ததல்ல, தெரிந்தே செய்தேன். செய்து முடித்த அன்று நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன்!

இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் அவனை அறியமாட்டீர்கள்... அது எனக்கு வசதி. அவனை அறிந்தவர்களிடம் சொல்லும் துணிவு எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. பினாங்கில், கெலுகோரில் ஒரு கல்வி நிலையத்தின் கணினிப் பிரிவில் நான் எழுத்தராக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. எழுத்தர் வேலை எங்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து. கணினி நிரல் எழுத நானாகக் கற்றுக்கொண்டேன். நசீர் அங்கேயே தொழில்நுட்ப உதவியாளன், என்னைவிடச் சில வயது இளையவன். டத்தோ கிராமாட்டில் அவன் வாப்பாவுக்கு நாசி கண்டார் சோற்றுக்கடை இருந்தது.

அந்தக் காலத்தில் இணையத்தில் ஒரு பக்கம் போட வேண்டுமென்றால் குறியீடுகளைக் கையால் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். கோயில் செயலாளருக்கு அது எங்கே தெரியும்? வாசகத்தைத் தட்டச்சு செய்து ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கம் தானாக உருவாகும்படி நாங்கள் இருவரும் ஒரு தளத்தை எழுதினோம். ‘பந்தல்’ என்று பெயர் வைத்தோம். நிரலைப் பூட்டி வைக்கவில்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம்.

அனுப்பினார்கள்! கனடாவிலிருந்தும் நார்வேயிலிருந்தும் முகம் தெரியாதவர்கள் திருத்தங்களை அனுப்பினார்கள். வந்தவற்றைச் சோதித்து, நல்லவற்றைச் சேர்த்து, புதிய பதிப்பை வெளியிடுவது என் பொறுப்பு. ஒரு வழக்கத்தை நானே ஏற்படுத்தியிருந்தேன்: திருத்தம் உள்ளே போனால் அனுப்பியவரின் பெயரும் கூடவே போக வேண்டும். சம்பளம் இல்லாத வேலைக்குப் பெயர்தானே கூலி!

பந்தலின் அடித்தளம் முழுவதும் நான் எழுதியது. பக்கங்களைச் சேர்ப்பதும் அழிப்பதுமான பகுதிகள் நசீருடையவை. இதை நினைவில் வையுங்கள்... அவன் வைக்கவில்லை.

கோலாலம்பூரில் ஒரு தமிழ்க் கணினிக் கூட்டம். மேடையில் பேச அவனை அழைத்தார்கள். நானும் உடன் போனேன். அரங்கு நிறைந்திருந்தது. அவன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

“பந்தல் நான் செஞ்சது. நம்ம அக்காவும் ஹெல்ப் பண்ணாங்க. டைப்பிங் எல்லாம் அவங்கதான். அதோ உக்காந்திருக்காங்க பாருங்க!”

எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். ஏன் கும்பிட்டேன்? என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? ‘பொய் சொல்கிறான்’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? இன்றும் அதை நினைத்தால் முகம் எரிகிறது.

திரும்பி வரும் பேருந்தில் கேட்டான். “கோவமா அக்கா? மேடையில சுருக்கமா சொல்லணும்லா, அதான்.”

“இல்ல தம்பி. ஒண்ணும் இல்ல.”

ஒன்றும் இல்லையாம்! அந்தப் பேச்சைக் கேட்ட ஒரு நிறுவனம் அவனுக்குக் கோலாலம்பூரில் வேலை கொடுத்தது. அவன் போய்விட்டான். நான் அதே மேசையில், அதே நாற்காலியில் இருந்தேன். பொறுத்துக்கொண்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். காத்திருந்தேன்.

சில மாதங்கள் கழித்து அவனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அன்று மின்னஞ்சலில் தமிழ் எழுத்து ஒழுங்காகப் போய்ச் சேராது என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருந்தான்.

“அக்கா, சைட்ல பக்கமே இல்லாம காலியா இருக்கற பகுதிய அழிச்சா மொத்த சைட்டும் போயிடுது. நான் எழுதுன இடம்தான், என் தப்பு. என் காப்பில சரி பண்ணிட்டேன். உங்களுக்கும் அனுப்பியிருக்கேன், அடுத்த பதிப்புல போட்டுடுங்க.”

சோதித்துப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. ஒரு வெற்றுப் பகுதியை அழித்தேன்; என் முன்னால் தளம் முழுவதும் காணாமற் போயிற்று. என் சோதனைப் பிரதியில் அவனுடைய திருத்தத்தைச் சேர்த்துப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. சின்னத் திருத்தம். சுத்தமான வேலை.

ஆனால் பதிப்பில் சேர்த்தால் அவன் பெயரைப் போட வேண்டும். என் பெயரை விழுங்கியவனின் பெயரை என் கையால் தட்டுவதா? முடியாது! அவன் பெயரை விட்டுவிட்டுச் சேர்க்கலாமா? அது திருட்டு என்று அப்போது தோன்றியது. பாருங்கள், எனக்கும் ஒரு நேர்மை இருந்தது...

மின்னஞ்சலை அழித்தேன். திருத்தத்தையும் அழித்தேன்.

அத்தோடு நின்றிருந்தால் அது வெறும் வீம்பு. நான் நிற்கவில்லை. புதிய பதிப்பை வெளியிட்டு, எல்லோருக்கும் போகும் மடற்குழுவில் எழுதினேன்: ‘இதுவரை தெரிவிக்கப்பட்ட குறைகள் அனைத்தும் இந்தப் பதிப்பில் களையப்பட்டுள்ளன.’

அது யாருக்காக எழுதிய வரி தெரியுமா? நசீருக்காக! நான் வெளியிடும் பதிப்பை அன்றே எடுத்துப் பொருத்திவிடுவான். அவனுடைய வழக்கம் எனக்குத் தெரியும். தான் அனுப்பியது உள்ளே இருக்கிறது என்று நம்பி, சரிசெய்து வைத்திருந்த தன் காப்பியின் மேலேயே என் பதிப்பைப் போடுவான். என்னைச் சந்தேகிக்க அவனுக்குத் தோன்றாது. அவனுடைய நம்பிக்கையை நான் ஆயுதமாகப் பிடித்துக்கொண்டேன்.

நினைத்தபடியே நடந்தது. அவனுடைய நிறுவனம் ஒரு தமிழ் வார இதழின் இணையப் பதிப்பைப் பந்தலில் நடத்திவந்தது. இதழ்க்காரர் ஒருவர் பயன்படாத ஒரு வெற்றுப் பகுதியை அழித்தார். கதை, கட்டுரை, வாசகர் எழுதியவை... எல்லாம் போயின. காப்புப் பிரதியும் அதே கோப்புறைக்குள்தான் இருந்ததாம். அதுவும் சேர்ந்து போனது.

அந்த இதழில் எழுதியவர்கள் எனக்கு என்ன தீங்கு செய்தார்கள்? புக்கிட் தெங்கா ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண்கூட ஷிப்ட் முடிந்து வந்து கவிதை எழுதுவாள். நான் அவளை விரும்பிப் படிப்பேன். அவளுடையதும் போயிற்று. எனக்கு வருத்தம்தான். ஆனால் உண்மையைச் சொல்லவா? நசீரின் முகம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தபோது அந்த வருத்தம் காணாமற் போய்விட்டது!

மடற்குழுவில் கேட்டார்கள்: எப்படி நடந்தது, யார் தவறு? நான் ஒரே வரி எழுதினேன்: ‘அழிக்கும் பகுதியை எழுதியவர் நசீர்.’ ஒரு சொல்லும் பொய்யில்லை. மேடையில் ‘நான் செஞ்சது’ என்றாயே தம்பி... இப்போது சொல்!

அவன் வேலை போயிற்று. பினாங்கு திரும்பி வாப்பாவின் கடையில் நின்றான். ஒருநாள் மதியம் எங்கள் அலுவலகக் கேண்டீனுக்கு என்னைத் தேடி வந்தான். இளைத்திருந்தான். உட்கார்ந்ததும் தே தாரேக் தேநீரைத் தொடாமல் பேசினான்.

“அக்கா, அன்னைக்கு மேடையில உங்கள டைப்பிங்னு சொன்னேன். ரொம்பத் தப்பு. பெருமைக்குச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க.”

நான் எத்தனை நாள் காத்திருந்த சொல் அது! கிடைத்துவிட்டது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும் அல்லவா? அடுத்து அவன் கேட்டான்:

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அக்கா. அந்த திருத்தம் அனுப்புனேனே... உங்களுக்கு வந்துச்சா?”

அவன் கண்கள் என் முகத்திலேயே இருந்தன. ‘வந்தது’ என்று நான் சொன்னால் அவன் மறுபடி நிமிர்ந்து நிற்பான். வேலை தேடுவான். நிரல் எழுதுவான். எல்லாம் என் நாக்கில் இருந்தது.

“வரலையே தம்பி.”

கோப்பையை நகர்த்தி வைத்தான். “அப்ப நான்தான் சரியா அனுப்பல போல. லைன் கட்டாயிருக்கும். கம்பெனி மிஷின்ல இருந்துச்சு, இனி பாக்கவும் முடியாது.” பிறகு சொன்னான்: “இனிமே கோடிங் பக்கமே போக மாட்டேன் அக்கா. எனக்கு அது வேணாம்.”

“மனசத் தளர விடாத,” என்றேன். அப்படிச் சொல்லவும் எனக்கு வாய் வந்தது!

அடுத்த பதிப்பில் அந்தத் திருத்தத்தைச் சேர்த்தேன். அழித்ததை நினைவிலிருந்தே எழுதினேன், எழுத்துக்கு எழுத்து அவனுடையது. அதன்கீழ் என் பெயரைப் போட்டேன். திருட்டுக்குக் கூசியவள் நான்தான் என்று இப்போது யார் நம்புவார்கள்? நார்வேயிலிருந்து ஒருவர் நன்றி சொல்லி எழுதினார். பந்தல் வளர்ந்தது; எங்கெங்கோ பரவியது.

நசீர் பிறகு நிரல் எழுதவே இல்லை. வாப்பாவுக்குப் பின் கடை அவனுடையதாயிற்று. நான் அங்கே போவதுண்டு. ஏன் போகிறேன் என்று கேட்காதீர்கள். போகாமல் இருக்க முடியவில்லை.

போனால் தானே எடுத்து வந்து பரிமாறுவான். பக்கத்து மேசையில் இருப்பவர்களைக் கூப்பிட்டு என்னைக் காட்டுவான்.

“இந்த அக்கா யாரு தெரியுமா? பந்தல்னு ஒண்ணு இருக்கே, அது முழுக்க இவங்க எழுதுனது. நான் சும்மா கூட இருந்தேன், அவ்வளவுதான்.”

நான் மறுப்பதில்லை. தலை குனிந்து சாப்பிடுகிறேன். அப்போதும் என் மனத்துக்குள் ஒருத்தி சொல்லிக்கொண்டேயிருக்கிறாள்: இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல் தம்பி, கடைசி மேசைக்குக் கேட்கவில்லை.