கல்படி இருந்த வீடு

நேற்று லிபெர்த்தா வீதியில் ஒரு மாடிவீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் சுவர் உடைத்தார்கள். ஈரச் சுண்ணாம்பின் மணம் ஜன்னலால் வந்தது. உங்களுக்கு அது வெறும் மணம். நான் துணியைப் போட்டுவிட்டு, இந்தச் சுவரிலும் வெடிப்பிருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்த புதிதில் நான் வேலைசெய்த வீடு, எந்தக் காலத்திலோ ஓர் ஆங்கிலேய வியாபாரி தன் ஊர் முறைப்படி கட்டியது. கூர்முனை ஜன்னல்கள். மூலையில் கோபுரம். அதற்குள் தூணே இல்லாமல், சுவரை மட்டும் நம்பிச் சுற்றிச் சுற்றி ஏறும் கல்படி. முதல் கிழமை நான் அதில் குழந்தைபோலப் படிக்குப் படி குந்தியிருந்துதான் இறங்கினேன். பாதுகாக்கப்பட்ட கட்டடம், ஓர் ஆணி அடிக்கவும் அரசாங்க அனுமதி வேண்டும்.

அங்கே தனியாக வாழ்ந்த வயதான வீட்டுக்கார அம்மா சின்யோரா, சமையலுக்கு மன்னாரிலிருந்து வந்த பிலோமினா அக்கா, துப்புரவுக்கு நான்.

படிச்சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. எஞ்சினியர் வந்து அதன் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டொன்றை ஒட்டினார். அது உடைந்தால் சுவர் நகருகிறது என்று அர்த்தமாம். உடனே அழைக்கச் சொல்லி எனக்கு நம்பர் தந்தார்.

ஒரு மழைநாள் காலையில் கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. படியெல்லாம் வெள்ளைத் தூள், அதே மணம். சின்யோரா எனக்கு முன்பே பார்த்துவிட்டார்.

"தூசி தட்டேக்கை நீ உடைச்சுப்போட்டாய்."

"நான் தொடவேயில்லை, சின்யோரா."

"நீதான் உடைச்சாய். அப்பிடித்தான் சொல்லவேணும். இல்லாட்டி என்னை இஞ்சையிருந்து கிளப்பிப்போடுவாங்கள்." என் மணிக்கட்டைப் பிடித்த அவர் கை குளிர்ந்திருந்தது.

குசினிக்குள் ஓடினேன். "வாயைத் திறவாதை," என்றார் அக்கா. "வேலை போனால் இந்த நாட்டிலை இருக்க விடுற உன்ரை பெர்மெஸ்ஸோவை எப்பிடிப் புதுப்பிப்பாய்?"

"படி விழுந்தால், அக்கா?"

வெங்காயம் வெட்டிய கை நின்றது. "ஓம். எனக்கும் கேக்குது. இரண்டு நாளாய்க் கல் அரைபடுற சத்தம்."

நான் எஞ்சினியரை அழைத்தேன். மத்தியானத்துக்குள் தீயணைப்புக்காரர் வந்து சின்யோராவைக் கதிரையோடு தூக்கி இறக்கினார்கள். என்னைக் கடக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலாம் நாள் விடிய, கல்படி மேலிருந்து கீழ்வரை பொறிந்து விழுந்தது. உள்ளே யாரும் இல்லை.

மொண்டெல்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவரை விட்டார்கள். பார்க்கப் போனேன். என்னை நேராகப் பார்த்துக்கொண்டே, "இந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது," என்று தாதியிடம் சொன்னார். அடுத்த முறை போனபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

பிலோமினா அக்காவும் மகனோடு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். படியோடு வீட்டின் உட்பகுதியும் சரிந்துவிட்டது; மிஞ்சிய முன்சுவரை இடிக்கச் சட்டம் விடாது. இரும்பு முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். தெருவிலிருந்து பார்த்தால், சின்யோரா காலையில் கோப்பி குடிக்கும் அறையின் ஜன்னல் அப்படியே இருக்கிறது. அதற்குப் பின்னால் வானம்தான்.